லைட் எரிந்தால் போதாது: புது பிக்கப்பில் ட்ரெய்லர் மின்னிணைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி, ஷோரூமிலிருந்து வந்து சில வாரங்களே ஆன அரை டன் வகுப்பு பிக்கப். நான்கு கதவு, டர்போ பெட்ரோல் எஞ்சின். பின் பம்பருக்குக் கீழே ஹிட்ச் ரிசீவரும் பக்கத்தில் 7 பின் சாக்கெட்டும் கம்பெனியே பொருத்திக் கொடுத்தவை. ட்ரெய்லர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரட்டை ஆக்சில் வீட்டு ட்ரெய்லர். முழுச் சுமையோடு அதன் உச்ச எடை 7,000 பவுண்டு, கிலோவில் சொன்னால் 3,175. நான்கு சக்கரத்திலும் 10 அங்குல எலக்ட்ரிக் டிரம் பிரேக். உள்ளே 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ். முன்பு வைத்திருந்தவர் பழைய லெட் ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போட்டிருந்தார். டெயில் லைட்டுகளை எல்ஈடிக்கு மாற்றியதும் அவர்தான்.

இடம் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின். உரிமையாளர் அங்கேயே பல காலமாக இருக்கும் தமிழர், வயதில் எனக்கு மூத்தவர். குடும்பத்தோடு பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும், அங்கே கரண்ட் இணைப்பு இல்லாத முகாமிடத்தில் தங்க வேண்டும் என்பது திட்டம். ஆஸ்டினிலிருந்து 400 மைலுக்கு மேல். வழியில் பேட்டரி நிரம்பியாக வேண்டும், மேற்கு டெக்சஸின் இறக்கங்களில் பிரேக் பிடித்தாக வேண்டும்.

"எல்லாம் இழுக்கத் தயார்னு சொல்லித்தான் வித்தாங்க தம்பி. பிளக்கைச் சொருகினேன், லைட் எல்லாம் எரியுது. ஆனா ஸ்டோரேஜ்ல இருந்து வீட்டுக்குக் கொண்டு வர்றதுக்குள்ள பேட்டரி இறங்கிப் போச்சு. இறக்கத்துல ட்ரெய்லர் வந்து வண்டியைத் தள்ளுது."

"பிரேக் கண்ட்ரோலர் எங்கண்ணே இருக்கு?"

"அது தனியா வேணுமா?"

வேண்டும். ட்ரக்கின் பெடலை மிதிக்கும்போது ட்ரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் அனுப்புவது அதுதான். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி நிலவரம் தெரிந்துவிட்டது.

ஏழு பின்னும் அவற்றின் வேலையும்

அமெரிக்காவில் வீட்டு ட்ரெய்லர்கள் பயன்படுத்தும் 7 பின் கனெக்டர், எஸ்ஏஈ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2863 தரத்தின்படி அமைந்தது. ஒன்று எர்த். ஒன்று டெயில் லைட். இடது இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் சேர்ந்து ஒன்று, வலதுக்கு அதேபோல் ஒன்று. ட்ரெய்லரின் எலக்ட்ரிக் பிரேக்குக்கு ஒன்று. பேட்டரி சார்ஜுக்கு ஒன்று. நடுவில் இருப்பது ரிவர்ஸ் லைட்டுக்கு. சிறிய ட்ரெய்லர்களுக்கான தட்டை 4 பின்னில் எர்த்தும் விளக்குகளும் மட்டும்தான். பிரேக்கும் சார்ஜும் கிடையாது.

சாக்கெட் இருப்பதாலேயே ஏழு பின்னுக்குப் பின்னாலும் முழு ஏற்பாடு இருக்கிறது என்று ஆகாது. இந்த வண்டியில் பிரேக்குக்கான நீல ஒயர் பம்பரிலிருந்து டாஷ்போர்டு வரை ஒழுங்காக ஓடியது. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு வெற்று பிளக்கில் போய் அது முடிந்தது. அந்த பிளக்கில் சொருக வேண்டிய கண்ட்ரோலர் இல்லை. கம்பெனியே உள்ளே பொருத்தித் தரும் கண்ட்ரோலர் தனி ஆப்ஷனில் வருவது. டீலரின் லாட்டில் தயாராக நின்ற வண்டியை அப்படியே எடுத்தால் அது சேர்ந்து வந்திருக்கிறதா என்று வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். டெக்சஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால் ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் இருப்பது கட்டாயம். இவர் ட்ரெய்லரில் பிரேக் இருந்தது. அதை இயக்கத்தான் ஆளில்லை.

பிளக்கைச் சொருகி, ஒருவர் பின்னால் நின்று "லெஃப்ட் எரியுது, ரைட் எரியுது" என்று சொல்வதைத்தான் எல்லோரும் சோதனை என்கிறார்கள். அது விளக்குக்குச் சரி. ஒரு எல்ஈடி விளக்கு எரிய அரை ஆம்பியர்கூட வேண்டாம். பாதி அறுந்த ஒயர், பச்சை பூத்த பின், நசுங்கிய ஜாயிண்ட் எதுவாக இருந்தாலும் அந்த அளவைக் கடத்திவிடும். பிரேக்குக்கு 12 ஆம்பியர் வேண்டும், சார்ஜுக்கு அதைவிட அதிகம். எனவே இந்த வேலையில் ஒவ்வொரு பின்னையும் லோடு போட்டு, ட்ரெய்லர் பக்கத்து முனையில் அளப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். கீழே வரும் எண்கள் எல்லாம் அப்படி எடுத்தவை.

சார்ஜ் கம்பி

முதலில் லோடு இல்லாமல் அளந்தேன். எஞ்சின் ஓடும்போது ட்ரக்கின் பேட்டரியில் 14.4 வோல்ட், சாக்கெட்டின் சார்ஜ் பின்னில் 14.3. டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரிந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் குறையே இல்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்து, ட்ரெய்லரின் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டைச் சேர்த்துக் கட்டினேன். சுமார் 9 ஆம்பியர் இழுத்தது. இப்போது ட்ரெய்லர் முனையில் 13.7. வழியிலேயே 0.7 வோல்ட் போய்விட்டது. ஒயர் 12 கேஜ், அதாவது சுமார் 3.3 சதுர மில்லிமீட்டர். எஞ்சின் பக்கத்திலிருந்து பம்பர் வரை, பிறகு ட்ரெய்லரின் மூக்கு வரை முப்பது அடிக்குக் குறையாத ஓட்டம்; இடையில் ஃபியூஸ், ரிலே, பிளக். அத்தனையும் சேர்ந்த தடை இது. தலைமடையில் தண்ணீர் நிறைந்து போவதைப் பார்த்து கடைமடை விளைச்சலைக் கணக்குப் போட முடியாது, லோடில்லாமல் அளந்த வோல்ட்டேஜும் அப்படித்தான்.

இதற்குப் பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தபோதுதான் உண்மையான காரணம் வெளிப்பட்டது. ட்ரெய்லர் பேட்டரியை மறுபடி மாட்டி, சார்ஜ் ஒயரில் கிளாம்ப் மீட்டரைப் (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளப்பது) போட்டு, அதை உரிமையாளரின் மகன் பார்க்கிற மாதிரி வைத்தோம். கிளம்பிய புதிதில் 14, 15 ஆம்பியர் பேட்டரிக்குள் போனது. போகப் போகக் குறைந்தது. ட்ரக்கின் சொந்த பேட்டரி நிரம்பியதும், எஞ்சின் சுழற்றும் ஜெனரேட்டரான ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜ் 13.2க்கு இறங்கி அங்கேயே நின்றது. மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. பிறகு மைனஸுக்குப் போனது. ட்ரெய்லர் பேட்டரியிலிருந்து ட்ரக்குக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது.

இதில் பழுது எதுவும் இல்லை, புது வண்டிகள் வடிவமைக்கப்பட்டிருப்பதே அப்படி. பழைய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் எந்நேரமும் 14 வோல்ட்டுக்கு மேலே வைத்திருக்கும். இப்போது எஞ்சின் கம்ப்யூட்டர்தான் வோல்ட்டேஜை முடிவு செய்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்து, உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். ட்ரக்கின் பேட்டரி நிரம்பிவிட்டது என்று தெரிந்ததும் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்ட்டேஜை இறக்கிவிடும். பின்னால் கட்டியிருக்கும் ட்ரெய்லரின் பேட்டரி பசியோடு இருப்பது அதற்குத் தெரியாது.

லெட் ஆசிட் பேட்டரியாக இருந்திருந்தால் 13.2 வோல்ட்டிலும் ஏதோ கொஞ்சம் ஏறியிருக்கும், ஏனென்றால் அது நிரம்பி ஓய்ந்திருக்கும்போதே 12.7 பக்கம்தான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாதிக்குச் சற்று மேல் இருக்கும்போதே 13.2 வோல்ட் காட்டும். முழுதாக நிரம்ப 14.2லிருந்து 14.6 வேண்டும். ஆக, 13.2 கொடுக்கும் ஆல்டர்னேட்டரும் 13.2 வைத்திருக்கும் பேட்டரியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்குள் ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அண்ணன் சொன்ன "ஓட்டிக்கொண்டு வருவதற்குள் இறங்கிவிட்டது" என்பதன் முழுக் கணக்கும் இதுதான்.

ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளின் கையேட்டில் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள்: ட்ரெய்லர் பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டுமானால் டோ ஹால் (சுமை இழுக்கும் நிலை) பொத்தானை அழுத்துங்கள், அதற்குத் தேவையில்லாத அளவு லேசான ட்ரெய்லராக இருந்தால் ஹெட்லைட்டைப் போடுங்கள், வோல்ட்டேஜ் உயரும் என்று. லெட் ஆசிட் வைத்திருப்பவர்களுக்கு இது பைசா செலவில்லாத நல்ல வழி. லித்தியத்துக்கு, அதுவும் இந்த 12 கேஜ் ஒயரில் விழும் வோல்ட்டேஜையும் சேர்த்தால், போதாது.

பேட்டரி இறங்கினால் என்ன, லைட்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் லேசாகச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓடும்போது ஹிட்ச் கழன்று ட்ரெய்லர் பிரிந்தால், வண்டியோடு கட்டியிருக்கும் கேபிள் ஒரு பின்னை உருவும். உருவியதும் ட்ரெய்லரின் சொந்த பேட்டரி நேராக பிரேக்குக்குப் பாயும், சக்கரங்கள் பிடிக்கும். பிரேக்அவே சுவிட்ச் என்பது அதுதான். வணிக வாகனங்களுக்கான அமெரிக்கக் கூட்டரசு விதி, 49ஆம் தலைப்பு 393.43, பிரிந்த பிறகு பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. இந்த ட்ரெய்லரின் நான்கு பிரேக்கும் சேர்ந்து 12 ஆம்பியர், 15 நிமிடத்துக்கு 3 ஆம்பியர்-ஹவர். மிகச் சின்னத் தொகை. ஆனால் லித்தியம் பேட்டரி சுமார் 10 வோல்ட்டுக்கு இறங்கியதும் அதன் உள்ளிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் மொத்தமாக அணைத்துவிடும். லெட் ஆசிட் போல் முனகிக்கொண்டாவது கொடுக்காது. அன்று வீட்டுக்கு வந்து ட்ரெய்லரைத் திறந்தபோது உள்ளே எந்த விளக்கும் எரியவில்லை என்று அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னார். கண்ட்ரோலர் கிடையாது, பேட்டரி அணைந்த நிலை. நகர நெரிசலில் அவர் இழுத்து வந்த அந்த ட்ரெய்லருக்கு, பிரிந்தால் நிறுத்த எதுவுமே இல்லை. சார்ஜ் கம்பியைப் பலர் வசதிக்கான விஷயமாக மட்டும் பார்க்கிறார்கள். அது பிரேக்கின் ஒரு பகுதி.

பிரேக்

டாஷ்போர்டு பிளக்குக்கு அந்த மாடலுக்கென்றே விற்கும் இணைப்பு ஒயரை வாங்கி, வேகம் குறைவதைத் தானே உணர்ந்து அந்த அளவுக்கு ட்ரெய்லரைப் பிடிக்கும் வகைக் கண்ட்ரோலரைப் போட்டோம். பெடலை மிதித்ததும் முன்பே வைத்த அளவுக்கு நேரக் கணக்கில் ஏறும் மலிவு வகையும் உண்டு. 7,000 பவுண்டுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மெதுவாக நிற்கும்போது குதிக்கும், அவசரத்தில் பிந்தும். போனில் ப்ளூடூத் வழியாக இயக்கும் வகைகளும் வந்துவிட்டன. ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தால் கை தானாகப் போய் அழுத்துகிற இடத்தில் ஒரு லீவர் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வலது முழங்காலுக்கு மேலே, கை எட்டும் இடத்தில் பொருத்தினோம்.

கண்ட்ரோலர் பக்கத்தில் நான்கே ஒயர்: கறுப்பு 12 வோல்ட், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக் லைட் சிக்னல், நீலம் ட்ரெய்லருக்குப் போகும் அவுட்புட். ட்ரக்கின் எந்த ஒயரையும் அறுக்கவில்லை, கடித்துப் பிடிக்கும் கிளிப்பால் தொடவும் இல்லை. புது வண்டியில் அப்படிச் செய்தால் வாரண்டி பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கிளிப் கடித்த செம்பில் ஈரம் புகுந்து, நாள் போகப் போக எங்கே கோளாறு என்று தேடவே முடியாதபடி ஆகிவிடும்.

பிளக்கை மாட்டியதும் ட்ரெய்லர் இணைந்திருப்பதாக டிஸ்ப்ளே காட்டியது. அண்ணன் முகத்தில் நிம்மதி. நான் நீல ஒயரில் ஆம்பியர் மீட்டரைச் சேர்த்து, லீவரை முழுக்க அழுத்தச் சொன்னேன். எலக்ட்ரிக் பிரேக்கை இயக்குவது ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் மின்காந்தம், அதாவது மேக்னட். 10 அங்குல பிரேக்கில் அது ஒன்றுக்கு சுமார் 3 ஆம்பியர். நான்குக்கு 12 வர வேண்டும். வந்தது 6.5.

லீவரை முழுக்க அழுத்தி அளப்பதற்குக் காரணம் உண்டு. கண்ட்ரோலர் தொடர்ச்சியான கரண்டாகக் கொடுப்பதில்லை, வேகமாக வெட்டி வெட்டித் துடிப்பாகக் கொடுக்கிறது. பாதி அழுத்தத்தில் சாதாரண மல்டிமீட்டர் காட்டும் எண்ணுக்குப் பெரிய அர்த்தம் இல்லை. முழு அழுத்தத்தில் ஏறக்குறைய நேர் கரண்ட், அப்போது மீட்டரை நம்பலாம்.

6.5 என்பது எங்கே மாட்டிக்கொண்டது? சக்கரம் சக்கரமாகப் போனேன். மூன்று மேக்னட்டிலும் தடை 3 ஓமை ஒட்டி வந்தது. பின் ஆக்சிலின் இடது சக்கரத்தில் மட்டும் மீட்டர் எதுவும் காட்டவில்லை. மேக்னட்டைக் கழற்றித் தனியாக அளந்தால் அது நன்றாகவே இருந்தது. கோளாறு ஒயரில். பல ட்ரெய்லர்களில் ஒரு பக்கத்து பிரேக்கிலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் ஒயரை ஆக்சில் குழாய்க்குள்ளேயே விட்டிருப்பார்கள். உள்ளே கட்டிப் பிடிக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அது குழாயின் சுவரில் உரசிக்கொண்டே இருக்கும். உருவி எடுத்ததும் தெரிந்தது: ஒரு விரல் நீளத்துக்கு மேலுறை வெள்ளையாகத் தேய்ந்து, செம்பு நரம்புகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசி நரம்பும் விட்டுப் போயிருந்தது. உறை உரிந்த அந்த இடம் குழாயில் பட்டு ஷார்ட் ஆகியிருந்தால் கண்ட்ரோலர் பாதுகாப்புக்காக எல்லா பிரேக்கையும் சேர்த்தே நிறுத்தியிருக்கும். ஒரு சக்கரத்தோடு போனது நல்லதாயிற்று.

மிச்சம் மூன்று மேக்னட்டுக்கு 9 ஆம்பியர் வர வேண்டுமே? அந்தக் குறைவு இரண்டு இடத்தில். ஒன்று, ட்ரெய்லருக்கு அடியில் இருந்த கடிக்கும் கிளிப் ஜாயிண்ட்டுகள். கழற்றியபோது உள்ளே செம்பு கறுத்து, பச்சைப் பொடி உதிர்ந்தது. இரண்டு, எர்த். லீவரை அழுத்தியபடி ட்ரக்கின் சேஸிஸுக்கும் ட்ரெய்லரின் சேஸிஸுக்கும் நடுவே வோல்ட் மீட்டரை வைத்தேன்: 0.9 வோல்ட். அங்கே ஏறக்குறைய எதுவுமே வரக் கூடாது. பிளக்கின் வெள்ளை ஒயர் ட்ரெய்லர் சேஸிஸைத் தொடும் இடத்தில் பெயிண்டுக்கு மேலேயே ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். திரும்பி வரும் கரண்டில் ஒரு பங்கு ஹிட்ச் பந்து வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கிரீஸ் பூசிய, ஆடிக்கொண்டிருக்கும் இரும்பு அது. ட்ரெய்லர் குலுங்கும்போது பிரேக்கும் சேர்ந்து ஏறி இறங்கியிருக்கும்.

நிறம் என்னும் பொறி

விளக்குகளைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை, நிறத்தைத் தவிர.

4 பின் ஒயரில் பழுப்பு டெயில் லைட், மஞ்சள் இடது, பச்சை வலது. வீட்டு ட்ரெய்லர் தொழிலில் 7 பின்னுக்குப் பழகிய நிறங்கள் வேறு: பச்சை டெயில் லைட், சிவப்பு இடது, பழுப்பு வலது, மஞ்சள் ரிவர்ஸ். பச்சையும் பழுப்பும் இடம் மாறி நிற்பதைக் கவனியுங்கள். மஞ்சள் ஒன்றில் இண்டிகேட்டர், மற்றதில் ரிவர்ஸ். கடையில் புது பிளக்கோடு வரும் கேபிள் ஒரு முறைப்படியும், ட்ரெய்லருக்குள் இருக்கும் ஒயர் மற்ற முறைப்படியும் இருப்பது சாதாரணம். நிறத்துக்கு நிறம் சேர்த்தால் வலது இண்டிகேட்டர் போடும்போது டெயில் லைட் மின்னும். இந்த ட்ரெய்லரின் முன்பக்க ஜங்ஷன் பெட்டியைத் திறந்தபோது இரண்டு முறையும் கலந்திருந்தன. முன்பு வைத்திருந்தவர் சோதித்துச் சரியாகவே சேர்த்திருந்தார், ஆனால் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு ஒயருக்கும் அதன் வேலையை எழுதிய சீட்டை ஒட்டி, மூடியின் உட்புறத்தில் படமும் வரைந்து ஒட்டினேன். அடுத்து திறப்பவர் யாராக இருந்தாலும் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை.

எல்ஈடி விளக்குகளால் வேறொரு தொல்லை. ட்ரெய்லர் கட்டியிருக்கிறதா, பல்பு போய்விட்டதா என்பதை ட்ரக் கரண்டின் அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. எல்ஈடி இழுப்பது அதற்குப் போதவில்லை. இண்டிகேட்டர் இரட்டை வேகத்தில் துடித்தது. பக்கத்துக்கு ஒன்றாக 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் சேர்த்ததும் சரியானது. அது பழைய பல்பு இழுக்கும் 27 வாட்டை ஒட்டி இழுக்கும், அதே அளவு சுடவும் செய்யும். இரும்புச் சட்டத்தில்தான் பிணைக்க வேண்டும். பிளாஸ்டிக் விளக்குக் கூட்டுக்குள் வைத்தால் உருகும்.

செய்த வேலை

சார்ஜுக்கு டிசி டிசி சார்ஜர் ஒன்றைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. உள்ளே 12 வந்தாலும் 13 வந்தாலும் லித்தியத்துக்கு வேண்டிய 14.2, 14.4 வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்கும், திரும்பி ஓடவும் விடாது. எத்தனை ஆம்பியர் என்பதில்தான் பேச்சு நீண்டது. 7 பின் கம்பியிலேயே ஓட்டலாமே, புது ஒயர் எதற்கு என்றார் அண்ணன். கணக்கு இது: 30 ஆம்பியர் சார்ஜர் 14.2 வோல்ட்டில் கொடுத்தால் 426 வாட். உள்ளே நஷ்டத்தையும் சேர்த்தால் 480 வாட் இழுக்கும், 13 வோல்ட்டில் அது 37 ஆம்பியர். சார்ஜ் பின்னின் ஃபியூஸே 30 ஆம்பியர்தான். சின்ன சார்ஜர் போட்டாலும் மெலிந்த ஒயரில் வோல்ட்டேஜ் விழும், விழுந்த அளவுக்குச் சார்ஜர் இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், ஒயர் இன்னும் சூடாகும். மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும் லோடு இது. கம்பெனி ஒயரை அப்படி வதைக்க எனக்கு மனமில்லை.

அதனால் தனி ஓட்டம். 6 கேஜ் ஒயர், 13 சதுர மில்லிமீட்டர், பாசிட்டிவும் நெகட்டிவும் இரண்டும். ட்ரக் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ். நெகட்டிவைப் பேட்டரியின் முனையில் மாட்டவில்லை. எஞ்சின் அறையில் கம்பெனி விட்டிருக்கும் சேஸிஸ் எர்த் போல்ட்டில் மாட்டினோம். முனையிலேயே மாட்டினால் அந்தச் சென்சாரைத் தாண்டிக் கரண்ட் போகும், கம்ப்யூட்டரின் கணக்கு தப்பும். புது வண்டியில் ஆடியோ, விளக்கு என்று எதைச் சேர்ப்பவரும் இதை மனதில் வைக்க வேண்டும். ஒயரை நெளிகுழாய்க்குள் விட்டு, சேஸிஸ் சட்டத்தின் உட்புறமாக, சைலன்சர் குழாய்க்கு எதிர்ப்பக்கத்தில், ஓர் அடிக்கு ஒரு கட்டு என்று கொண்டு போனோம். பம்பரில் ஆண்டர்சன் 50 ஆம்பியர் கனெக்டர், அதற்கு ரப்பர் மூடி. சார்ஜர் ட்ரெய்லரின் முன் பெட்டிக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில், காற்று படும்படி. எஞ்சின் அறையில் வைத்திருந்தால் டெக்சஸ் கோடையில் தன்னைக் காத்துக்கொள்ளவே அது பாதி வேகத்தில் ஓடும்.

சார்ஜர் எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று சொல்ல ஒரு சிக்னல் வேண்டும். வோல்ட்டேஜ் உயர்வதைப் பார்த்து எஞ்சின் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் முறை, 13.2க்கு இறங்கிவிடும் இந்த ஆல்டர்னேட்டரிடம் எடுபடாது. பழைய 7 பின் சார்ஜ் கம்பி இப்போது சும்மா இருக்கிறதே, அதையே சிக்னலாக்கினோம். சாவி போட்டால் அதில் 12 வோல்ட் வரும், எடுத்துச் சில நிமிடத்தில் போய்விடும். இந்த வண்டியில் அப்படி என்பதை அளந்து உறுதி செய்த பிறகே மாட்டினேன். சாவி எடுத்தாலும் அந்தப் பின் உயிரோடு இருக்கும் வண்டிகளில் இந்த வழி ஆகாது. இன்னொன்றும் முக்கியம்: அந்தக் கம்பியை ட்ரெய்லர் பேட்டரியிலிருந்து முழுதாகப் பிரித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் ட்ரெய்லர் பேட்டரியே சிக்னலைக் கொடுத்துச் சார்ஜரை எந்நேரமும் விழித்திருக்க வைக்கும். அதோடு சார்ஜரின் அவுட்புட் அந்தக் கம்பி வழியாக ட்ரக்குக்குப் போய், மறுபடி அதன் இன்புட்டுக்கே வந்து, கரண்ட் வட்டமடித்துக்கொண்டிருக்கும். பிரித்த முனையில் லக் போட்டு, உறையிட்டு, பக்கத்திலேயே கட்டி வைத்திருக்கிறோம். வழியில் சார்ஜர் படுத்துவிட்டால் பழையபடி மாட்டிக்கொண்டு வீடு வரலாம்.

பிரேக் பக்கத்தில் ட்ரெய்லருக்கு அடியில் நீலத்துக்கும் எர்த்துக்கும் புது 10 கேஜ் ஒயர் முன்னிருந்து பின் வரை. ஆக்சில் குழாய்க்குள் எதுவும் இல்லை, வெளியே குழாயோடு சேர்த்துக் கட்டியது. ஜாயிண்ட்டெல்லாம் கிரிம்ப் செய்து, சூடு காட்டினால் பசை உருகி ஒட்டிக்கொள்ளும் ஸ்லீவ் போட்டவை. எர்த் போல்ட்டின் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளி போல மின்னும் இரும்பில் இறுக்கி, மேலே திரும்பப் பூசினோம்.

மறுபடி அளந்தது

லீவர் முழுக்க: 12 ஆம்பியர். இரு சேஸிஸுக்கு நடுவே: 0.1 வோல்ட். நெடுஞ்சாலையில், ஆல்டர்னேட்டர் 13.2க்கு இறங்கிய பிறகு, சார்ஜரின் வாயில் 12.4 வோல்ட், 38 ஆம்பியர். வெளியே 30. அதில் ஃபிரிட்ஜ் 5 எடுத்துக்கொள்ள, பேட்டரிக்கு 25. நாற்பது சதவீதத்தில் கிளம்பினாலும் இரண்டரை மணி நேரத்தில் நிரம்பும்.

பிரேக்அவே சுவிட்சைச் சோதிக்கும்போது 7 பின் பிளக்கைக் கழற்றிவிட்டே பின்னை உருவ வேண்டும். மாட்டியபடி உருவினால் பேட்டரியின் 12 வோல்ட் நீல ஒயர் வழியாகத் திரும்பிக் கண்ட்ரோலருக்குள் ஏறும், அதைக் கெடுத்துவிடும். கழற்றி உருவினோம், நான்கு சக்கரத்திலும் மேக்னட் பிடிக்கும் சத்தம் கேட்டது, பேட்டரியில் கிளாம்ப் மீட்டர் 12 காட்டியது. ட்ரெய்லரை இழுத்துப் பார்த்தோம், சக்கரம் உருளவில்லை.

கண்ட்ரோலரின் கெயின் அளவை, அதாவது ட்ரெய்லர் பிரேக்குக்கு உச்சமாக எவ்வளவு அனுப்பலாம் என்பதை, தட்டையான வெற்றுச் சாலையில் வைத்தோம். மணிக்கு 25 மைல் வேகத்தில், பெடலைத் தொடாமல் லீவரை மட்டும் முழுக்க அழுத்துவது. ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் கெயினைக் குறைப்பது, பூட்டாவிட்டால் ஏற்றுவது. பூட்டுவதற்குச் சற்று கீழே நிறுத்துவது. பிரேக் சூடான பிறகு இன்னொரு முறை பார்த்தோம், ஏனென்றால் டிரம் சூடேறியதும் பிடிப்பு மாறும். தண்ணீர் டேங்க்கும் சாமானும் ஏற்றிய எடையோடுதான் இதைச் செய்ய வேண்டும். காலி ட்ரெய்லரில் வைத்த கெயின், ஏற்றிய ட்ரெய்லருக்குப் பத்தாது.

பேட்டரியின் அளவை வண்டிக்குள்ளிருந்தே பார்க்கும்படி ஒரு ஷண்ட் மீட்டரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், சாமான் வரவேண்டும். அது வரும் வரை ட்ரெய்லரை நிறுத்தி வைக்கும்போது பேட்டரி சுவிட்சை அணைத்துவிட வேண்டும். கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி மட்டுமே வாரக்கணக்கில் இழுத்து அதை அடிமட்டத்துக்குக் கொண்டுபோகும். கிளம்பும் நாளில் சுவிட்சைத் திரும்பப் போட்டு, பிளக்கை மாட்டுவதற்கு முன் பிரேக்அவே பின்னை ஒருமுறை உருவி, அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் புறப்படுவது என்று அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறார்.